காய்ச்சல் என்றால் காய்ச்சல் அல்ல

இன்று சாயங்காலம் ராயபுரம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும், பூண்டு எண்ணெயில் சிவக்கும் வாசனை முகத்தில் அடித்தது. பர்மா அத்தோ வண்டிக்காரர் வெங்காயத்தையும் நூடுல்ஸையும் புளித்தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்துகொண்டிருந்தார். நீ போன பிறகு அந்த வண்டியை நான் எதிர்ப்பக்கம் நடந்துதான் கடப்பேன். இன்று நேராகப் போய் நின்று இரண்டு தட்டு தின்றேன்.

"இன்னா சார், ஆளையே காணோம்? உங்க தோஸ்து எங்க?" என்றார் வண்டிக்காரர்.

"வரல" என்றேன். செத்துப்போய்விட்டான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதற்குள் அந்த வார்த்தையைக் கொண்டுவர மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவியதும் உட்கார்ந்து எழுதுகிறேன். விரல் இன்னும் எரிகிறது.

கேள். குறுக்கே பேசாதே. உயிரோடு இருந்தபோது ஒரு விஷயத்தை நான் முழுதாகச் சொல்லி முடிக்க நீ விட்டதே இல்லை. கம்பெனி பக்கம் உட்கார்ந்து நான் வாயைத் திறந்தால், யூனியன் பக்கம் உட்கார்ந்து நீ மூடுவாய். சாயங்கால வகுப்பில் ஒரே பெஞ்சில் தொழிலாளர் சட்டம் படித்த இரண்டு பேர், மேசைக்கு இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் கத்தினோம். இப்போதாவது நான் பேசுகிறேன்.

அதே கம்பெனிதான். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில், வண்டிகளுக்கு ரப்பர் சீல் செய்கிற அதே இடம். மாறியது என் நாற்காலி. 'பெர்சனல் ஆபீசர்' என்ற என் பலகையைக் கழற்றிவிட்டு, என்னைவிட வயதில் மிகவும் சின்னவர் ஒருவரை மேனேஜராகக் கொண்டுவந்து மேலே உட்காரவைத்தார்கள். என்னை ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தள்ளினார்கள். பிரதி எடுக்க வருகிறவர்கள் என் மேசை மேல் டீ டம்ளரை வைத்துவிட்டுப் போகிறார்கள். உன் யூனியனும் லேசுப்பட்டதல்ல. உனக்கு இரங்கல் கூட்டம் நடத்தி, மேடையில் என்னைத் தவிர எல்லோரையும் ஏற்றினார்கள். எதையும் நான் மறக்கவில்லை. எல்லாம் கணக்கில் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். பேக்கிங் பிரிவில் ஸ்டெல்லா என்று ஒரு பெண். காசிமேட்டுக்காரி. கணவன் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலி, ஒரு நாள் இருந்தால் ஒரு நாள் இல்லை. நிரந்தரச் சம்பளம் என்று அந்த வீட்டில் இருப்பது அவளுடையதுதான். அந்த வேலை போகவிருந்தது. காரணம் ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை உன்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்த வடசென்னையில் இருந்ததில்லை.

அவள் ஒரு நாள் காலையில் சூப்பர்வைசர் மூர்த்திக்குப் போன் செய்து, "காய்ச்சல் சார், வர முடியாது" என்றிருக்கிறாள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான். மூர்த்தி 'காய்ச்சல்' என்று தட்டிவிட்டார். சில நாள் கழித்து மறுபடி போன். மறுபடி காய்ச்சல். அதன் பிறகு போனே இல்லை. காய்ச்சலுக்கு இவ்வளவு நாள்தான் என்று அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டியதும் அவள் பெயர் சிவப்பாகிவிட்டது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அவளே கேட்டுக்கு வந்து நின்றாள். ஆபீஸ் உத்தரவு இல்லாமல் உள்ளே விட முடியாது என்று செக்யூரிட்டி சொல்ல, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் பெயர் நீக்க உத்தரவு என் மேசைக்கு வந்தது. முடிவெடுக்க நான் வேண்டாம், கையெழுத்துப் போட மட்டும் என் பேனா வேண்டும்.

"கேட்டீங்களா?" என்றேன் மேனேஜரிடம்.

"என்ன சார் கேக்கணும்? ஒரு மாசமா காய்ச்சலாம். நம்புற மாதிரியா இருக்கு? கேட்ல செக்யூரிட்டி கேட்டிருக்கான். அப்பவும் காய்ச்சல்னுதான் சொல்லிச்சாம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உன் குரல் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், ஜெராக்ஸ் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கேட்டது. "காய்ச்சல் இல்ல மாமு. வேற காய்ச்சல்."

பாய்லர் பிரிவு துரை விஷயத்தில் நீ அப்படித்தான் சொன்னாய். நினைவிருக்கிறதா? அவனும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வாரக்கணக்கில் வராமல் போனவன். அப்போதிருந்த நிர்வாகம் அவனைத் தூக்கிவிடத் துடித்தது. நீ வியாசர்பாடியில் அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, டீ குடித்து, அவன் பிள்ளைகளோடு கதையடித்துவிட்டு, மறுநாள் என் அறைக்கு வந்தாய். கதவைச் சாத்தினாய். துரைக்குக் காசநோய். அதை வெளியே சொன்னால் கேன்டீனில் அவன் டம்ளரைத் தனியாக வைத்துவிடுவார்கள் என்று பயந்து, காய்ச்சல் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

"நம்ம ஜனத்துக்கு வாயால சொல்ல முடியாத நோவு எல்லாத்துக்கும் ஒரே பேருதான் மாமு. காய்ச்சல். மூலமா, காய்ச்சல். பொஞ்சாதி மனசு செரியில்லாம தூக்குல தொங்கப் பாத்தாளா, காய்ச்சல். சட்டம் இன்னா சொல்து? மொதல்ல கேளுன்னு சொல்து. நீ கேட்டியா?"

நான் கேட்டேனா இல்லையா என்பது வேறு. அதன் பிறகு நான் செய்தது என்ன? அதைத்தான் நீ வாழ்நாள் முழுக்க வெளியே சொல்லவில்லை. துரை ஈ.எஸ்.ஐ. சிகிச்சையில் இருக்கும்வரை அவன் மேல் கை வைக்க முடியாது என்று நிர்வாகத்திடம் சண்டை போட்டு, அவன் நோயின் பெயரை யார் காதுக்கும் போகவிடாமல், அவனுக்கு நீண்ட விடுப்பை எழுதி வாங்கியவன் நான். உனக்கு அது தெரியும். தெரிந்தும், இரண்டு நாள் கழித்து கேட் மீட்டிங்கில் ஸ்டூல் மேல் ஏறி நின்று என்ன பேசினாய்?

"உள்ள ஏசி ரூம்ல ஒரு மன்சன் கீறாரு. நல்லா பட்ச்சவரு. என்கூடவே பட்ச்சவரு. அவராண்ட போய் காய்ச்சல்னு சொன்னா, தர்மாமீட்டர எட்த்துகினு வருவாரு!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் என் பெயர் தர்மாமீட்டர். நான் கேன்டீனுக்குள் நுழைந்தால் யாராவது ஒருவன் தர்மாமீட்டரை உதறுவதுபோல் கையை உதறுவான். இன்றைக்கும் பழைய ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், உதறுகிறார்கள்.

அன்று சாயங்காலம் ரயிலில் உன்னோடு பேசவில்லை. கொருக்குப்பேட்டையில் இறங்கி உன் வண்டிக்கு மாறாமல், என்னோடு ராயபுரம்வரை வந்தாய். என் பக்கத்தில் உட்கார்ந்து, ரகசியம்போலச் சொன்னாய்:

"இன்னா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற? நான் உன்னிய மேடையில புகழ்ந்தேன்னு வெய்யி. நாளிக்கே உன் சீட்டக் கிய்ச்சிடுவான் மொதலாளி. திட்னேன். அதனால இன்னும் குந்திகினு கீற."

"அப்ப அந்தத் தர்மாமீட்டர்?"

"அது ஒரு ஃப்ளோவுல வந்துட்ச்சு."

உண்மையிலேயே என்னைக் காப்பாற்றத்தான் திட்டினாயா, இல்லை கைதட்டலுக்கு ஆசைப்பட்டுவிட்டு அப்புறம் சமாளித்தாயா? எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் சிரிப்பாய். பதில் சொல்லாமல் போனவர்கள் பட்டியலில் உன் பெயர்தான் முதலில் இருக்கிறது.

சரி. அந்த உத்தரவில் நான் கையெழுத்துப் போடவில்லை. சனிக்கிழமை மதியம் காசிமேட்டுக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை, நானாகப் போனேன். குடியிருப்பின் படிக்கட்டில் மீன் உலர்த்தியிருந்தார்கள். கதவைத் திறந்தது ஸ்டெல்லாவின் அம்மா.

"யாரு நீ?"

"கம்பெனிலேர்ந்து வரேம்மா."

"வேல பூட்ச்சுன்னு சொல்ல வந்துகிறியா? வாசல்லயே சொல்ட்டுப் போய்டு சார். உள்ள வந்தா நான் உனுக்கு தண்ணி குட்க்கணும்."

"தண்ணி வேணாம். உள்ள வந்து சொல்றேன்."

வழி விட்டாள், முறைத்துக்கொண்டே. ஒரே அறை. மாதா படத்துக்குக் கீழே குறுக்கே சேலையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஸ்டெல்லா படுத்திருப்பது தெரிந்தது. என்ன உடம்பு என்று கேட்டேன். காய்ச்சல் என்றாள் அம்மா. ஒரு மாதமாகவா என்றேன். ஆமாம் என்றாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பேச்சு அங்கேயே செத்துப்போயிருக்கும். அப்போதுதான் நீ துரை விஷயத்தின்போது சொன்ன இன்னொன்று மனதில் தட்டியது. "இன்னா நோவுன்னு கேக்காத மாமு. அது உனுக்கெதுக்கு? எப்ப வேலைக்குப் போலாம்னு டாக்டர் சொன்னாருன்னு மட்டும் கேளு."

கேட்டேன். "டாக்டரம்மா எப்ப வேலைக்குப் போகலாம்னு சொன்னாங்க?"

அம்மா உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"வெய்ட்டு தூக்கக் கூடாதுன்னாங்க சார். ரெஸ்ட்ல இருக்கச் சொன்னாங்க. இது கேட்டாதான? வேல பூடும் வேல பூடும்னு எய்ந்து ஓட்ச்சு."

பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"தங்கல சார். கல்யாணம் ஆயி இத்தினி வருசம் கய்ச்சி நின்ச்சு. அஞ்சாம் மாசம் தாண்ட்டும், அப்பால ஊருக்கு சொல்லலாம், கண்ணு பட்டுடப் போவுதுன்னு வாய மூடிகினு இருந்தோம். கம்பெனில ஒர்த்திக்கும் தெரியாது. அதுக்குள்ள... தங்கல. இருக்க சொல்லவே சொல்லல. இல்லாதத்த எப்டி சார் சொல்றது?"

சேலைக்குப் பின்னாலிருந்து, "அம்மா, கம்முனு இரு" என்று குரல் வந்தது. பிறகு அதே குரல் என்னிடம்: "நான் திங்கக்கெயம வந்துடறேன் சார். வேலைய மட்டும் எட்த்துடாதீங்க."

"வரக் கூடாதும்மா" என்றேன்.

ஐயோ, அந்த வார்த்தையை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சேலைக்குப் பின்னால் ஒரு கேவல். அம்மா எழுந்து நின்றாள். கம்பெனியையும் என்னையும் என் பரம்பரையையும் சேர்த்து அவள் திட்டிய திட்டில் பக்கத்து வீடுகளின் கதவுகள் திறந்தன. "பட்ச்ச மன்சனா நீ? வயிறு எரிஞ்சி கெடக்கிறவளாண்ட வந்து, வராதன்னு சொல்றியே, கஸ்மாலம்!" நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "கேளும்மா, கேளும்மா" என்று கத்த வேண்டியதாயிற்று. வரக் கூடாது என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தமில்லை. கரு கலைந்த பெண்ணை ஆறு வாரத்துக்குள் வேலை செய்யவைப்பது தப்பு, தெரிந்தே வைத்தால் கம்பெனிதான் மாட்டும். ஓய்வு நாளுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் தரும், அதுவரை பெயரை யாரும் அடிக்க முடியாது. இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். முன்கூட்டி எழுதிக் கொடுக்கவில்லை என்பதற்காக அந்த உரிமை இல்லாமல் போகாது என்றும் சொன்னேன்.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

அங்கிருந்து ராயபுரம்வரை நடந்தே வந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன், பறந்தேன். சாயங்கால வகுப்பில் பரீட்சைக்கு முன்னால் ஒருவருக்கொருவர் ஒப்பிப்போமே, அதுபோல வழியெல்லாம் வாய்விட்டு ஒப்பித்துக்கொண்டு வந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். வருஷக்கணக்கில் நான் சம்பளச் சீட்டும் பஸ் பாஸும் சரிபார்க்கிற ஆளாகத்தான் இருந்தேன். இந்தப் படிப்பு எதற்காகப் படித்தது என்பதே மறந்துபோயிருந்தது.

ஆனால் வெற்றி அதற்குள் வந்துவிடவில்லை. ஸ்டெல்லா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். நான் கிளம்பும்போது சேலையை விலக்காமலே சொன்னாள்: "மூர்த்தி சாருக்குத் தெரியக் கூடாது சார். யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா நான் வரவே மாட்டேன்." அவள் மேனேஜரையும், அவருக்கும் மேலே இருக்கிற பிளான்ட் ஹெட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறாள். ஆக, காரணத்தைச் சொல்லாமல் அவள் வேலையைக் காப்பாற்ற வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் நீ இல்லை. இருக்கிற யூனியன்காரர் ஒருவர், அவரும் ஒரு பிளாட் வாங்குவதில் மும்முரமாக இருக்கிறார். உன் பங்கையும் நானே பேச வேண்டும்.

திங்கட்கிழமை பிளான்ட் ஹெட் அறை. மேனேஜர் மடிக்கணினியோடு. நான் வெறுங்கையோடு.

"ஒரு மாசம் ஆளக் காணோம். நீங்க கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்களாம்" என்றார் பிளான்ட் ஹெட். "காரணம் என்ன?"

"சட்டத்துக்குப் போதுமான காரணம் சார். ஆஸ்பத்திரி பேப்பர் என்கிட்ட இருக்கு. பூட்டி வெச்சிருக்கேன்."

"அதான் என்னன்னு கேக்கறேன்."

"சொல்ல மாட்டேன் சார்."

மேனேஜர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சார், இது கம்பெனி டேட்டா" என்று ஆரம்பித்தார்.

"இல்லைங்க. அது அவங்க உடம்பு. நமக்கு வேண்டியது ரெண்டே விஷயம். இந்த லீவுக்குச் சட்டத்துல இடம் இருக்கா, எப்ப திரும்ப வரலாம். இடம் இருக்கு. தேதியும் இருக்கு. அதுக்கு மேல யார் தெரிஞ்சுக்கணும்?"

"யோவ், நீ யார் பக்கம்?" என்றார் பிளான்ட் ஹெட். கோபம் வந்தால் அவருக்கு மரியாதை போய்விடும்.

"கம்பெனி பக்கம் சார். சத்தியமா. போன் பண்ணி வரலன்னு சொல்லியிருக்காங்க. நாம கேக்கல. அவங்களா கேட்டுக்கு வந்தாங்க. திருப்பி அனுப்பினோம். பேர எடுத்தோம்னா நாளைக்கு லேபர் ஆபீசர்கிட்ட போவாங்க. அவர் கேக்கற மொதக் கேள்வி, 'கேட்டீங்களா?' செக்யூரிட்டி கேட்டான்னு சொல்லப் போறீங்களா? பேஜாரு ஆய்டும் சார்!"

கடைசி வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அந்த அறையில் அந்த வார்த்தையை உன்னைத் தவிர யாரும் சொன்னதில்லை. பிளான்ட் ஹெட் நாற்காலியில் சாய்ந்தார். உன்னோடு பல தடவை பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவர் அவர். என்னைப் பார்த்தபோது கொஞ்சம் உன்னையும் பார்த்திருப்பார்.

"சரி, நாளைக்கே வரச் சொல்லு. முடிச்சிடலாம்."

"நாளைக்கு வரக் கூடாது சார். இன்னும் ரெண்டு வாரம் ஆகணும். இப்ப வேலைக்கு வெச்சா அதுவும் தப்பு."

மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். "என்ன சார் இது? வெளிய தள்ளவும் கூடாது, உள்ள விடவும் கூடாதா?"

ஆனால் பிளான்ட் ஹெட் சிரிக்கவில்லை. இன்னும் ரெண்டு வாரம், இப்போது வேலைக்கு வைத்தால் தப்பு. இரண்டையும் மனதில் வைத்துக் கூட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். இரண்டு பெண்களைப் பெற்றவர். மேசை மேலிருந்த உத்தரவை எடுத்து, குறுக்கே கிழித்து, குப்பைக்கூடையில் போட்டார். "இனிமே இந்த மாதிரி நடக்காம இருக்க என்ன பண்ணணும்னு சொல்லு" என்றார்.

எவ்வளவு வருஷமாகக் காத்திருந்தேன் அந்தக் கேள்விக்கு! கொட்டினேன். காரணம் கேட்கிற வேலை சூப்பர்வைசருக்கு வேண்டாம். லீவு சொல்லிவிட்டார்கள் என்று எங்களுக்குச் சொன்னால் போதும். அவரவரே போன் செய்ய வேண்டும் என்பதில்லை, அம்மா சொன்னாலும் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாலும் சொன்னதுதான். மருத்துவச் சீட்டு என் அலமாரிக்கு மட்டும் வரட்டும். பெண்கள் என்னிடம் கொடுக்கக் கூச்சப்பட்டால் அக்கவுண்ட்ஸில் வளர்மதி அம்மாவிடம் கொடுக்கட்டும். கேட்டில் சீட்டோடு வந்து நிற்கிறவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. இங்கிருந்து ஒரு ஆள் வீடு தேடிப் போய்க் கேட்காதவரை ஒரு பெயரையும் எடுக்கக் கூடாது. எடை தூக்க முடியாதவர்கள் திரும்பி வந்தால் கொஞ்ச நாள் லேசான வேலை. பிளான்ட் ஹெட் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மேனேஜர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"சிஸ்டத்துல ரீசன் போடாம லீவு ஏறாது சார். கம்பல்சரி."

"அப்ப எல்லாருக்கும் காய்ச்சல்னு போடுங்க" என்றேன்.

போட்டார்கள்! நம்ப மாட்டாய். இந்தக் கம்பெனியில் இப்போது யாருக்கும் வேறு காரணமே கிடையாது. போன வாரம் பிளான்ட் ஹெட் மூத்த பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு லீவு எடுத்தார். கம்ப்யூட்டரில் பார்த்தேன். காரணம்: காய்ச்சல்.

இந்த இடத்தில் நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரிக்காதே. உன்மேல் எனக்கு இருக்கிற பெரிய கோபத்தை இன்னும் சொல்லவில்லை.

கடைசியாக நீ போனில் பேசியது நினைவிருக்கிறதா? குரல் சரியில்லையே என்றேன். "லேசா காய்ச்சல் மாமு. ஞாயித்துக்கெயம பாக்கலாம்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்தேன், கண்ணாடிப் பெட்டிக்குள். இதயம் பழுதாகி மாதக்கணக்காகிறது, டாக்டர் படுக்கச் சொல்லியும் கேட்காமல் திரிந்தாய் என்று அங்கே உன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊரில் உள்ளவன் காய்ச்சலுக்கெல்லாம் அர்த்தம் சொன்னவன், என்னிடம், என்னிடமே, அதே வார்த்தையைச் சொல்லி டபாய்த்தாய். தர்மாமீட்டரையாவது என்றாவது மன்னிப்பேன். இதை மன்னிக்க மாட்டேன். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அப்போதே மனதுக்குள் சொல்லிவிட்டேன்.

சரி, போகட்டும். இன்றைக்குச் சண்டை வேண்டாம். இன்று காலையில் நடந்ததைக் கேள்.

ஸ்டெல்லா இன்று வேலைக்குத் திரும்பினாள். கேட்டில் செக்யூரிட்டி எழுந்து நின்று கதவைத் திறந்தான். அவனுக்கு நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். பேக்கிங் பிரிவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், எதையோ சரிபார்க்கிற பாவனையில் நின்றேன். மூர்த்தி ஒன்றும் கேட்கவில்லை. அவள் தன் இடத்துக்குப் போனாள். பக்கத்து மேசையில் இருக்கிற, வயதில் மூத்த பெண் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்திருந்ததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"இன்னாடி, எங்க பூட்ட இத்தினி நாளு?"

"காய்ச்சல்க்கா."

அந்தப் பெண் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைக் காலால் நகர்த்தி அவள் பக்கம் தள்ளினாள். ஸ்டெல்லாவுக்கு முன்னால் இருந்த கனமான அட்டைப்பெட்டியை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அடுத்த மேசைக்காரி ஸ்டெல்லாவிடம் லேபிள் கட்டைக் கொடுத்தாள், ஒட்டுகிற வேலை. அதற்கு அடுத்தவள் இடம் மாறி நின்றாள். வரிசை முழுவதும் தானாக மாறிக்கொண்டது. நான் சட்டத்தில் தேடி, பிளான்ட் ஹெட்டோடு மல்லுக்கட்டி வாங்கிய லேசான வேலையை, அவர்கள் அரை நிமிஷத்தில் அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று யோசிக்கிறேன். ஒரு பட்டப்பெயர். ஒரு பெரிய கோபம். எங்கோ அவசரத்தில் வாயில் வந்து விழுகிற உன் பாஷை. அப்புறம் இந்தப் புதுக் கிறுக்கு ஒன்று, காய்ச்சல் என்று யார் சொன்னாலும் உட்கார முடிவதில்லை.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது போன் அடித்தது. மோல்டிங் பிரிவில் ஒரு ஆள், எண்ணூர்க்காரன். நாளைக்கு வரவில்லை, காய்ச்சல் என்றான். சரி என்று வைத்திருக்கலாம். வீடு எங்கே என்று கேட்டேன்.

"எதுக்கு சார் வூடு?" என்றான் மிரண்டுபோய். "மெய்யாலுமே காய்ச்சல்தான் சார். வோணும்னா வந்து தொட்டுப் பாருங்க."

"நாளைக்குக் காலையில வரேம்பா" என்றேன். "தொட்டுப் பார்க்கத்தான்."